மழைக் கிணற்றின் பிள்ளைகள்

மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில் சிச்சென் இட்சா என்ற பழைய மாயா நகரம் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் படிக்கட்டுப் பிரமிடின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு வடக்கே போகும் வெள்ளைக் கல் பாதையில் நடப்பார்கள். ஐந்து நிமிட நடைக்குள் பாதை ஒரு பெரும் பள்ளத்தின் விளிம்பில் போய் முடிகிறது. ஏறத்தாழ 60 மீட்டர் அகலம். செங்குத்தான பாறைச் சுவர்களுக்குக் கீழே, எட்டாத ஆழத்தில், பச்சை நிறத்தில் அசையாத நீர்.

மழைத் தெய்வத்துக்காகக் கன்னிப் பெண்களை அலங்கரித்து இந்தக் கிணற்றில் தள்ளினார்கள் என்ற கதை இங்கே வந்து போனவர்கள் எல்லோருக்கும் தெரியும். வராதவர்கள் சினிமாவிலும் சித்திரக் கதைகளிலும் பார்த்திருப்பார்கள். உண்மையில் அந்தக் கிணற்றுக்கு யாரைக் கொடுத்தார்கள்? வெள்ளிக் கிரகத்தின் ஓட்டத்தைத் துல்லியமாகக் கணித்து வைத்திருந்த மக்கள் ஏன் இப்படி ஒரு காரியம் செய்தார்கள்?

முதல் கேள்விக்கு எலும்புகள் பதில் சொல்கின்றன. அந்தப் பதில் கன்னிப் பெண்கள் அல்ல.

ஆறு ஓடாத நாடு

வடக்கு யுகடானில் நிலத்தின் மேல் ஒரு ஆறுகூட ஓடுவதில்லை. மழைக்குக் குறைவில்லை. ஆனால் தரை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற நீர் பாறையின் இடுக்கு வழியே இறங்கி, அதைக் கரைத்து, நிலத்துக்கடியில் குகைகளாகவும் ஓடைகளாகவும் வழி தேடிக்கொள்கிறது. குகையின் கூரை எங்காவது இடிந்து விழுந்தால் அங்கே ஒரு இயற்கைக் கிணறு திறக்கும். இதற்கு உள்ளூர்ப் பெயர் செனோட்டே.

யுகடானில் இவை ஆயிரக்கணக்கில் உள்ளன. வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் ஒரு பகுதியில் அரைவட்டமாக அணிவகுத்து நிற்கும். டைனோசர்களை ஒழித்த விண்கல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்தது இங்கேதான். புதைந்துபோன அந்தச் சிக்சுலூப் பள்ளத்தின் விளிம்பை ஒட்டித்தான் செனோட்டேக்கள் வரிசையாகத் திறந்திருக்கின்றன.

ஊர் பிழைப்பது இந்தக் கிணறுகளால். பயிர் பிழைப்பது வானத்தால். மாயா விவசாயிக்கு மக்காச்சோளம்தான் உணவு, அது மே மாத வாக்கில் தொடங்கும் மழையை நம்பி விதைக்கப்படுவது. மழையைக் கையில் வைத்திருந்த தெய்வம் சாக். நீண்டு தொங்கும் மூக்கும் கையில் மின்னல் கோடரியும் கொண்ட சாக் மேகத்தில் மட்டும் வசிப்பவர் அல்ல. மேகமும் காற்றும் ஈரமும் குகைகளிலிருந்து கிளம்புவதாக மாயர் நம்பினார்கள். ஆகவே செனோட்டேக்களும் குகைகளும் அவருடைய வீட்டு வாசல்கள். அதே வாசல் வழியாகத்தான் ஷிபால்பா என்ற கீழுலகத்துக்கும் போக வேண்டும்.

சிச்சென் இட்சாவில் குடிநீருக்கு ஷ்டோலோக் என்ற வேறொரு செனோட்டே இருந்தது. வடக்கே உள்ள பெரிய கிணறு காணிக்கை செலுத்துவதற்கானது.

பாதிரியாரும் துணைத்தூதரும்

கிணற்றுப் பலியைப் பற்றி எழுதிவைத்த முக்கியமான ஐரோப்பியர் தியேகோ தே லாந்தா. பிரான்சிஸ்கன் துறவி, பின்னாளில் யுகடானின் ஆயர். பஞ்ச காலத்தில் உயிருள்ள மனிதர்களைக் கிணற்றில் எறிவார்கள், கூடவே விலைமதிப்புள்ள பொருள்களையும் போடுவார்கள் என்று 1566 வாக்கில் எழுதினார். இந்தச் சாட்சியை அப்படியே நம்ப முடியாது. 1562இல் மானி என்ற ஊரில் மாயா நூல்களைக் குவித்துத் தீயிட்டவர் இவர்தான். சிலை வணங்கியதாகச் சந்தேகிக்கப்பட்டவர்களைச் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கியவரும் இவர்தான். ஆனாலும் மாயர் வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு விவரமாக எழுதிய வேறொரு ஐரோப்பியர் அந்தக் காலத்தில் இல்லை. எரித்தவரின் குறிப்பை வைத்தே எரிந்ததைத் தேட வேண்டிய நிலை ஆய்வாளர்களுக்கு.

யுகடானில் அமெரிக்கத் துணைத்தூதராக இருந்த எட்வர்ட் தாம்சன் லாந்தாவின் குறிப்பை நம்பினார். சிச்சென் இட்சா அடங்கிய பண்ணையையே 1894இல் விலைக்கு வாங்கினார். 1904 முதல் கிணற்றில் வாளி இறக்கிச் சேற்றை வாரினார், பிறகு மூழ்குடை அணிந்து தானே உள்ளே இறங்கினார். பச்சைக்கல் மணிகள், தங்கத் தகடுகள், செப்புச் சலங்கைகள், கோப்பல் என்னும் வாசனைப் பிசின் உருண்டைகள், துணித் துண்டுகள் எல்லாம் மேலே வந்தன. தங்கம் யுகடானில் கிடைப்பதல்ல, தெற்கே பனாமா, கோஸ்டாரிகா பக்கத்திலிருந்து வந்தது. பல பொருள்களை வேண்டுமென்றே உடைத்தோ நசுக்கியோ போட்டிருந்தார்கள். மனிதர் கையில் இனிப் பயன்படாது என்று ஆன பிறகே அது தெய்வத்தின் சொத்து.

தாம்சன் இவற்றை ஓசைப்படாமல் ஹார்வர்டின் பீபடி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். மெக்சிகோ அரசு அவர் மீது வழக்குப் போட்டது. கன்னிப் பெண்கள் கதையை உலகம் முழுக்கப் பரப்பியதிலும் அவருடைய எழுத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

கிணற்றில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்த ஹார்வர்டு மானுடவியலாளர் ஏர்னஸ்ட் ஹூட்டன் 1940இல் தன் முடிவை வெளியிட்டார். பெண்கள் இருந்தார்கள். ஆண்களும் இருந்தார்கள். ஏறத்தாழ பாதி எலும்புகள் குழந்தைகளுடையவை. இறந்தவர்கள் கன்னிகளா என்று எலும்பைப் பார்த்துச் சொல்ல முடியாது என்று கிண்டலாக ஒரு குறிப்பும் எழுதிவைத்தார்.

மாவால் செய்த மனிதன்

இரண்டாம் கேள்விக்கான விடையைத் தேடிக் கதைக்குள் போக வேண்டும். குவாத்தமாலா மலைநாட்டின் கீச்சே மாயர் 16ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த போபோல் வூ என்ற நூலில் படைப்புக் கதை வருகிறது. தெய்வங்களுக்குத் தங்கள் பெயரைச் சொல்லவும் தங்களுக்குப் படைக்கவும் ஆள் தேவைப்பட்டது. முதலில் களிமண்ணில் செய்தார்கள். அது நீரில் கரைந்து போயிற்று. அடுத்து மரத்தில் செய்தார்கள். மர மனிதர்கள் நடந்தார்கள், பேசினார்கள், பெருகினார்கள், ஆனால் படைத்தவர்களை நினைக்கவில்லை. அவர்களை வெள்ளம் அழித்தது. அது போதாதென்று, அவர்கள் வீட்டுப் பானைகளும் அரைகற்களும் நாய்களும் பழைய கணக்கைத் தீர்க்க எழுந்து அடித்தன. கடைசியில் மஞ்சள், வெள்ளை மக்காச்சோளத்தை அரைத்து அந்த மாவில் செய்த மனிதர்கள்தான் நிலைத்தார்கள்.

தன் உடலே தெய்வங்கள் கொடுத்த தானியம் என்று நம்புகிறவனுக்குப் பிறக்கும்போதே கடன் தொடங்கிவிடுகிறது. மனிதன் மக்காச்சோளத்தை உண்கிறான், தெய்வம் மனிதனை உண்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றால் மழை, பயிர், சூரியன் எல்லாமே நின்றுவிடும்.

அரசர்களுக்கு இதில் விலக்கு இல்லை. சொல்லப்போனால் கூடுதல் சுமை அவர்களுக்குத்தான். யாஷ்சிலான் நகரத்தின் கதவு விட்டக்கல் ஒன்று இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.பி. 709இல் நடந்த ஒரு சடங்கை அது காட்டுகிறது. அரசி கபால் ஷோக் மண்டியிட்டிருக்கிறாள். முள் கோத்த கயிற்றைத் தன் நாக்கின் வழியாக இழுக்கிறாள். ரத்தம் கூடையிலுள்ள காகிதத்தில் சொட்டுகிறது. அரசன் தீப்பந்தம் பிடித்து நிற்கிறான். ரத்தம் தோய்ந்த அந்தக் காகிதத்தை எரிப்பார்கள். புகை மேலே போய்ச் சேர்ந்தால் படையல் போய்ச் சேர்ந்ததாகப் பொருள்.

தன் ரத்தம் சிறிய தவணை. உயிர் பெரிய தவணை. கிணற்றில் எறியப்பட்டவர்களுக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது, தெய்வத்திடம் செய்தி கொண்டுபோவது. ஹுனாக் கீல் என்ற தலைவன் அந்தக் கிணற்றுக்குள் போய், உயிரோடு மீண்டு, மழைத் தெய்வத்தின் வாக்கைச் சொல்லி ஆட்சியைப் பிடித்ததாக மாயா வரலாற்றேடுகள் சொல்கின்றன. அரசியல் புத்தி உள்ள ஆள்தான்.

கிணற்றடியில் நீலம்

பலியாகிறவர்களுக்கு நீல வண்ணம் பூசினார்கள் என்றும் லாந்தா எழுதியிருந்தார். தாம்சன் வாரியபோது கிணற்றின் அடியில் நான்கு மீட்டருக்கு மேல் தடிமனாக நீலச் சேறு படிந்திருந்தது.

மாயா நீலம் வினோதமான வண்ணம். அமிலம் ஊற்றினாலும் போகாது, ஆயிரம் ஆண்டு வெயிலிலும் வெளிறாது. அவுரிக் குடும்பச் செடியின் சாயத்தைப் பாலிகோர்ஸ்கைட் என்ற வெள்ளைக் களிமண்ணோடு சேர்த்துச் சூடாக்கினால், களிமண்ணின் நுண்துளைகளுக்குள் சாயம் சிக்கிக்கொள்ளும். இந்த அளவுக்கு ஆய்வாளர்களுக்கு வேதியியல் தெரிந்திருந்தது. எங்கே, எப்போது சூடாக்கினார்கள் என்பதுதான் தெரியவில்லை. சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் பல காலமாக இருந்த ஒரு கிண்ணம் 2008இல் விடை சொன்னது. அது இதே கிணற்றிலிருந்து எடுத்த கிண்ணம். அதில் உறைந்திருந்த கோப்பல் பிசினுக்குள் சாயத்தின் தடயமும் களிமண்ணின் தடயமும் இருந்தன. சாம்பிராணி புகைக்கும் நெருப்பிலேயே, சடங்கின் ஒரு பகுதியாகவே, நீலத்தைச் செய்திருக்கிறார்கள்.

அறுபத்து நான்கு எலும்புகள்

1967இல், பெரிய கிணற்றுக்கு அருகே ஒரு சிறு விமானத்தளம் கட்டுவதற்காக நிலத்தைத் தோண்டியபோது ஒரு சுல்தூன் அகப்பட்டது. மழைநீரைச் சேமிக்கப் பாறையில் குடைந்த நிலத்தடித் தொட்டிக்கு இந்தப் பெயர். இந்தத் தொட்டி ஒரு சிறு குகையோடு இணைக்கப்பட்டிருந்தது. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் எலும்புகள் கலந்து கிடந்தன.

ஆணா பெண்ணா? குழந்தைகளின் எலும்பில் அதைப் படிக்க முடியாது. இடுப்பெலும்பின் வடிவம் வேறுபடுவது பருவம் எய்திய பிறகுதான். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்தக் கேள்வி அப்படியே கிடந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானுடவியல் நிறுவனத்தின் ரோட்ரிகோ பார்கேராவும் அவர் குழுவினரும் 2024 ஜூனில் நேச்சர் இதழில் விடையை வெளியிட்டார்கள்.

அவர்கள் தேர்ந்தெடுத்தது உட்காதைச் சூழ்ந்திருக்கும் எலும்பை. உடலிலேயே மிகவும் அடர்த்தியான எலும்பு அது. வெப்ப நாட்டில் மரபணு சீக்கிரம் சிதைந்துவிடும், இந்த எலும்புக்குள் மட்டும் ஓரளவு தப்பிக்கும். அடுத்த சிக்கல், எலும்புகள் கலந்து கிடப்பது. ஒரே குழந்தையின் இடது காதெலும்பையும் வலது காதெலும்பையும் எடுத்துவிட்டால் ஒரு பிள்ளையை இரண்டு முறை எண்ணிவிடுவோம். அதனால் எல்லோரிடமிருந்தும் ஒரே பக்கத்து எலும்பை மட்டும் எடுத்தார்கள். இந்தச் சின்ன எச்சரிக்கை பின்னால் பெரிய உதவியாக ஆனது.

64 எலும்புகளிலிருந்து மரபணுவைப் படிக்க முடிந்தது. ஆண்களிடம் மட்டுமே இருக்கும் ஒய் குரோமோசோம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். முதல் எலும்பில் இருந்தது. இரண்டாவதில் இருந்தது. அறுபத்து நான்கிலும் இருந்தது. ஒரு பெண் குழந்தைகூட இல்லை.

இது தற்செயலாக நடக்குமா? ஆணோ பெண்ணோ பிறக்கச் சரிபாதி வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு குழந்தைகளும் ஆணாக இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு, மூன்றும் ஆணாக இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. இப்படி ஒவ்வொரு குழந்தைக்கும் இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். சதுரங்கம் கண்டுபிடித்தவன் அரசனிடம் கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாக நெல்மணி கேட்ட கதை எல்லோருக்கும் தெரியும். சதுரங்கப் பலகையில் இருப்பதும் 64 கட்டங்கள்தான். ராஜ்யத்தையே விற்றாலும் கொடுக்க முடியாத அந்த நெல்மணிக் கணக்குதான் இதுவும். ஏறத்தாழ 1.8 லட்சம் கோடி கோடியில் ஒரு வாய்ப்பு. பையன்களைத் தேடித்தான் எடுத்திருக்கிறார்கள்.

பெரும்பாலானவர்களுக்கு வயது மூன்றுக்கும் ஆறுக்கும் இடையே. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அந்தக் குழியில் குழந்தைகளை இட்டிருக்கிறார்கள் என்று கரிமக் காலக்கணிப்பு காட்டியது. ஆகவே இது ஒரே நாளில் நடந்த படுகொலை அல்ல, ஒரே கொள்ளைநோயின் விளைவும் அல்ல. தலைமுறை தலைமுறையாக நடந்த வழக்கம்.

ஒருவனுக்கு இரண்டு இடது காது உண்டா?

அடுத்து, பிள்ளைகளுக்குள் உறவு உண்டா என்று ஒப்பிட்டார்கள். கால்பங்குப் பேருக்காவது அதே குழியில் நெருங்கிய உறவினன் ஒருவன் இருந்தான். அண்ணன் தம்பி, ஒன்றுவிட்ட சகோதரன் என்று. எலும்பில் தங்கிய கார்பன், நைட்ரஜன் அணுக்களின் விகிதம் ஒருவர் என்ன சாப்பிட்டு வளர்ந்தார் என்பதைக் காட்டும். மக்காச்சோளம் விட்டுப்போகும் கார்பன் தடம் மற்றப் பல செடிகளின் தடத்திலிருந்து வேறுபட்டது. உறவுக்காரப் பிள்ளைகளுக்கு இந்த விகிதமும் ஒத்துப்போனது. ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டவர்களாக இருக்கலாம்.

இரண்டு இடங்களில் ஒப்பீடு இன்னும் தூரம் போயிற்று. இரு எலும்புகளின் மரபணுவும் அச்சு அசல் ஒன்று. ஒரே குழந்தையை இருமுறை எண்ணிவிட்டார்களோ என்ற சந்தேகம் இங்கே எழும். ஒரே பக்கத்து எலும்பை மட்டும் எடுத்ததால் அதற்கு இடமில்லாமல் போனது. ஒருவனுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு காதுதான். அப்படியானால் அவர்கள் ஒரே கருவில் பிளந்து பிறந்த இரட்டையர். இப்படி இரண்டு ஜோடிகள்.

ஒரே கரு இரட்டையர் ஆயிரம் பிரசவங்களில் மூன்று நான்கு முறைதான் பிறக்கிறார்கள். 64 பேருக்குள் இரண்டு ஜோடி என்பதை எதேச்சை என்று தள்ளிவிட முடியாது.

போபோல் வூவின் நாயகர்களே இரட்டையர்தான். ஹுனாபு, ஷ்பலான்கே என்ற இரு பையன்கள். அவர்களுடைய தந்தையும் சிற்றப்பனும் ஷிபால்பாவின் பிரபுக்களோடு பந்தாடப் போய்க் கொல்லப்படுகிறார்கள். தந்தையின் வெட்டிய தலையை ஒரு மரத்தில் மாட்டுகிறார்கள். அந்தத் தலை ஒரு பெண்ணின் உள்ளங்கையில் உமிழ, அவள் கருவுற்று இரட்டையரைப் பெறுகிறாள். பிள்ளைகள் வளர்ந்து அதே கீழுலகத்துக்குப் போகிறார்கள். செத்தும் பிழைக்கிறார்கள், பிரபுக்களைத் தந்திரத்தால் வெல்கிறார்கள். நிலத்துக்கடியில் போன விதை முளைத்து வருவதும் அதே கதைதான் என்று பல ஆய்வாளர்கள் படிக்கிறார்கள்.

குழியைக் குகையோடு இணைத்ததையும் இரட்டையரையும் உறவுக்காரப் பையன்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்த ஆய்வுக் குழு, இது அந்த இரட்டையரின் கீழுலகப் பயணத்தை நடித்துக் காட்டிய சடங்காக இருக்கலாம் என்கிறது. கவர்ச்சியான விளக்கம்தான். கொஞ்சம் பிடித்து நிறுத்த வேண்டிய விளக்கமும்கூட. போபோல் வூ எழுதப்பட்டது சில நூற்றாண்டுகள் கழித்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, வேறொரு மாயா மொழியில். அதே சமயம் கதை நூலைவிட மிகப் பழையது. குவாத்தமாலாவின் சான் பார்த்தோலோவில் கி.மு. 100 வாக்கில் தீட்டிய சுவரோவியங்களில் மக்காச்சோளத் தெய்வமும், தன் குறியைக் குத்தி ரத்தம் சிந்தும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அந்த இளைஞர்கள் ஹுனாபுவின் மூதாதை வடிவம் என்றே கருதப்படுகிறது.

வறண்ட காலம்

குழியில் உள்ள பெரும்பாலான பிள்ளைகள் கி.பி. 800க்கும் 1000க்கும் இடைப்பட்டவர்கள். சிச்சென் இட்சா அதிகாரத்தின் உச்சியில் இருந்த காலம் அது. தெற்கே மாயா நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியான காலமும் அதுதான்.

யுகடானில் சிச்சான்கனாப் என்று ஒரு ஏரி இருக்கிறது. வறட்சியில் நீர் சுண்டும்போது அதன் அடியில் ஜிப்சம் படியும். அந்த அடுக்குகளில் சிறைப்பட்ட நீரை அளந்த ஆய்வு ஒன்று 2018இல் சயன்ஸ் இதழில் வந்தது. நகரங்கள் சரிந்த காலத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருக்கிறது என்றது அது. மக்காச்சோளம் காய்ந்தது, களஞ்சியம் காலியானது, அரசன் மழைக்குப் பொறுப்பேற்றிருந்தான். கடன்காரரிடம் கொடுத்தது போதவில்லை என்று நினைக்கிறவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. ஆனால் குழி திறந்தது அந்த வறட்சிக்கு முன்பே. பஞ்சம் இந்த வழக்கத்தைப் பெருக்கியிருக்கலாம், தொடங்கிவைக்கவில்லை.

தவளைச் சிறுவர்கள்

மாயர் மறைந்துபோன இனம் என்று எழுதுவது இன்னும் நிற்கவில்லை. மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் பெலீசிலும் லட்சக்கணக்கானோர் இன்றும் மாயா மொழிகளைப் பேசுகிறார்கள். பார்கேராவின் குழு யுகடானில் உள்ள திஷ்ககால்டுயூப் என்ற ஊர்க்காரர்களின் மரபணுவையும் அவர்கள் ஒப்புதலோடு படித்தது. குழியிலிருந்த பிள்ளைகளின் சமூகத்துக்கும் அவர்களுக்கும் நேரான தொடர்ச்சி தெரிந்தது. நோயெதிர்ப்பு மரபணுக்களில் மட்டும் மாற்றம் இருந்தது. ஸ்பானியர் வந்தபின் 1545இல் பரவிய கொள்ளைநோய் போன்றவற்றில் பிழைத்தவர்களின் வாரிசுகள் அல்லவா அவர்கள்.

மழை தள்ளிப்போனால் யுகடான் கிராமங்களில் சா சாக் என்ற சடங்கு இப்போதும் நடக்கிறது. ஹ்மென் எனப்படும் சடங்குக்காரர், கிளைகளை வளைத்து ஒரு மேடை அமைப்பார். மக்காச்சோள மாவை அடுக்கடுக்காகத் தட்டி மண்ணடுப்பில் புதைத்துச் சுட்ட ரொட்டி, கோழி, பால்சே என்ற மரப்பட்டை மது எல்லாம் படையலில் இருக்கும். சாக் தெய்வத்தோடு ஏசுவின் பெயரும் மேரியின் பெயரும் மந்திரத்தில் வரும். ஒருவர் மரவாளை வீசி மின்னலாவார். மேடையின் நான்கு கால்களிலும் நான்கு சிறுவர்களை உட்கார வைப்பார்கள். மழை வரும் நேரத்துத் தவளைகளைப் போல அவர்கள் விடாமல் கத்த வேண்டும்.

இந்தப் பையன்களையும் சுல்தூன் பையன்களையும் ஒரே கோட்டில் கட்டிவிட ஆசை வரும். ஆயிரம் ஆண்டு இடைவெளியை அவ்வளவு சுலபமாகத் தாண்ட முடியாது. தெய்வத்துக்கான சடங்கில் சிறுவர்களுக்கு ஓர் இடம் இரண்டு காலத்திலும் இருந்திருக்கிறது என்பதுவரை சொல்லலாம்.

எந்தப் படையலை எந்த நாளில் வைப்பது என்பதை மாயர் மனம்போன போக்கில் தீர்மானித்ததில்லை. அதற்கென்று 260 நாள் கொண்ட தனி நாட்காட்டி ஒன்று வைத்திருந்தார்கள். குவாத்தமாலா மலைக்கிராமங்களில் அதை இன்றும் தவறாமல் எண்ணி வருகிறவர்கள் உண்டு. 365 நாள் ஆண்டு கையில் இருந்தபோது எதற்கு இன்னொரு கணக்கு என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்க்கலாம்.